பொங்கோலில் பொட்டலப் பெட்டகங்கள்: பயன்படுத்தும் ஒருவரின் மதிப்பீடு

சிங்கப்பூரின் பொங்கோல் நகரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் முன்னால், ஆட்களை ஏற்றி இறக்குவதற்கென்று கூரை போட்ட சிறு வளைவு ஒன்று இருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு கார்கள் நிற்கலாம். பிற்பகல் இரண்டு மணி வாக்கில், பள்ளிப் பேருந்து பிள்ளைகளை இறக்கிவிட வரும் நேரத்தில், அந்த வளைவில் மூன்று நிறுவனங்களின் மூன்று வேன்கள் அபாய விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். ஓட்டுநர்கள் மூவரும் மின்தூக்கியில் எங்கோ மேலே இருப்பார்கள். பேருந்து சாலையிலேயே நிற்கும், அதன் பின்னால் ஒரு டாக்சி, அதற்கும் பின்னால் நாலைந்து கார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல். அந்த வேன்களில் ஒன்றில் பெரும்பாலும் என் வீட்டுக்கு வரவேண்டிய பொருளும் இருக்கும்.

வாசலுக்கு வரும் அந்தப் பொட்டலத்தை வாசலுக்கு வரவிடாமல், நடந்துபோய் எடுத்துக்கொள்ளும் தூரத்தில் ஓரிடத்தில் நிறுத்திவைப்பதுதான் பொட்டலப் பெட்டகங்களின் வேலை. மூன்றாண்டுகளுக்கு மேல் அவற்றைப் பயன்படுத்திவிட்டு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களின் பெட்டகங்கள் இருப்பதாலும், என் அனுபவம் அவை எல்லாவற்றையும் சேர்ந்ததாக இருப்பதாலும், நல்லதோ கெட்டதோ எனக்கு நேர்ந்தது எதையும் எந்த நிறுவனத்தின் பெயரோடும் இணைத்து எழுதப்போவதில்லை. உண்மையில் என் மனக்குறைகளில் பெரும்பாலானவை பெட்டகத்தைப் பற்றியவையும் அல்ல. அதை எங்கே வைத்திருக்கிறோம், அதை எதற்குப் பதிலாக வைத்திருக்கிறோம் என்பதைப் பற்றியவை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் அஞ்சல் நிறுவனமான சிங்போஸ்ட், பாப்ஸ்டேஷன் என்ற பெயரில் 2013ஆம் ஆண்டிலேயே பெட்டகங்களை வைக்கத் தொடங்கியது. ஆனால் எந்த நிறுவனத்தின் ஊழியரும் பொருளை வைத்துவிட்டுப் போகக்கூடிய பொதுப் பெட்டகம் என்ற எண்ணம், 2018 டிசம்பரில் பொங்கோலிலும் புக்கிட் பாஞ்சாங்கிலும் நடந்த முன்னோட்டத்தில்தான் சோதிக்கப்பட்டது. அந்த முன்னோட்டம் விரிந்து, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் உருவாக்கிய ஒரு துணை நிறுவனத்தின்வழி, ‘பிக்’ என்ற பெயரில் 2021 ஏப்ரலில் நாடு தழுவிய சேவையாகத் தொடங்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் எவரும் ஏறத்தாழ 250 மீட்டர், அதாவது ஐந்து நிமிட நடைக்குள், ஒரு பெட்டகத்தை அடைய வேண்டும் என்பது அதன் இலக்கு. விநியோக வாகனங்கள் ஒரு நாளில் ஓடும் தூரம் 44 விழுக்காடு குறையும் என்றும், ஓர் ஊழியர் ஒரு நாளில் கொண்டுசேர்க்கும் பொட்டலங்கள் நான்கு மடங்காகும் என்றும் ஆணையம் அப்போது மதிப்பிட்டிருந்தது.

அந்த நான்கு மடங்குக் கணக்கை முதலில் நான் நம்பவில்லை. ஜோகூரிலிருந்து வேலைக்கு வந்துபோகும் தமிழ் இளைஞர் ஒருவர் எங்கள் புளோக்குக்குப் பொட்டலம் கொண்டுவருவார். ஒருநாள் மின்தூக்கி வரும்வரை பேசிக்கொண்டு நின்றபோது அவரிடமே கேட்டேன். “ஒரு புளோக்குக்கு முப்பது பொட்டலம்னா முக்கால் மணி நேரம் போயிரும் அண்ணே. லாக்கர்னா பத்து நிமிசம். ஆனா எல்லாரும் வீட்டுக்கேதானே கேக்குறாங்க” என்றார். கையில் இருந்த கைப்பேசியில் அடுத்த முகவரி ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை யோசித்துப் பார்த்தால், நேரத்தை விழுங்குவது சாலை அல்ல என்று தெரியும். பதினாறு, பதினேழு மாடிப் புளோக்கில் மின்தூக்கிக்குக் காத்திருப்பது, தாழ்வாரத்தில் வீட்டு எண்ணைத் தேடுவது, மணியை அடிப்பது, கம்பிக் கதவுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று நிற்பது, யாரும் இல்லையென்றால் படமெடுத்துவிட்டு அடுத்த மாடிக்குப் போவது என்று முப்பது தடவை செய்யும் வேலை அது. அந்த முக்கால் மணி நேரமும் வேன் கீழே வளைவில் நிற்கிறது. நெரிசலுக்குக் காரணம் வேன் வந்ததைவிட, வந்த வேன் போகாததுதான்.

சேவையின் அன்றாடப் பயன்பாட்டைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. இணையக் கடையில் பணம் செலுத்தும் இடத்தில் வீட்டு முகவரிக்குப் பதிலாகப் பெட்டகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொருள் உள்ளே வைக்கப்பட்டதும் கைப்பேசிக்குக் குறியீட்டு எண் வரும். திரையில் அதைத் தட்டினால், வரிசையில் ஏதோ ஒரு கதவு ‘டப்’பென்று தானாகத் திறந்துகொள்ளும். எந்தக் கதவு திறக்கும் என்பது முன்கூட்டித் தெரியாததால், என் ஆறு வயது மகள் ஒவ்வொரு முறையும் ஒரு கதவைத் தொட்டுக்கொண்டு நின்று பந்தயம் கட்டுவாள். கீழ்வரிசைக் கதவு திறந்தால் அது அவள் வேலை. குனிந்து எடுக்க எனக்கு முதுகு ஒத்துழைப்பதில்லை. இரவு பதினொரு மணிக்குக்கூடப் போய் எடுக்கலாம் என்பதை, இரவு வேலை பார்க்கும் என் மனைவி இந்த ஏற்பாட்டின் முதல் சிறப்பாகச் சொல்வார். எனக்கோ, வீட்டில் ஆள் இருக்க வேண்டுமே என்ற கவலை ஒழிந்ததுதான் பெரிது.

அந்தக் கவலைக்கு ஒரு கதை உண்டு. ஒருமுறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு விநியோக நிறுவனத்தின் வழியாக அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வரவழைத்தேன். ‘கொடுக்கப்பட்டது’ என்று செய்தி வந்தது. கூடவே காலணி அடுக்கின் மேல் பொட்டலம் இருக்கும் படமும் வந்தது. காலணி அடுக்கு எங்களுடையதுதானா என்று பார்த்தால், இல்லை. எங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்கிலும் ஒரே எண் கொண்ட வீடுகளின் வாசல்களைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது முழுவதும் அலைந்தேன். கடைசியில் ஒரு மலாய்ப் பாட்டி, பொட்டலத்தைப் பத்திரமாக எடுத்து உள்ளே வைத்திருந்து, காப்பியும் கொடுத்து அனுப்பினார். இப்படிப்பட்ட பிழை பெட்டகத்தில் நடக்க வாய்ப்புக் குறைவு. பாட்டியின் காப்பியும் கிடைக்காதுதான்.

இனி, இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 250 மீட்டர் என்பது நல்ல அளவு. காரை எடுத்துக்கொண்டு போய்ப் பொட்டலத்தை எடுத்துவர வேண்டிய நிலை வந்தால், ஒரு வேனைக் குறைத்து முப்பது கார்களை ஓடவிட்ட கதையாகிவிடும். ஆகவே நடக்கும் தூரத்துக்குள் பெட்டகம் இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் வரைபடத்தில் வட்டம் போட்டு அளக்கும் 250 மீட்டரும், கால் நடக்கும் 250 மீட்டரும் ஒன்றல்ல. எங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருக்கும் பெட்டகம், எல்ஆர்டி எனும் இலகு ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கு நான் வரும் வழிக்கு நேர் எதிர்த்திசையில் இருக்கிறது. அதைவிடத் தொலைவில் உள்ள இன்னொன்று, நிலையத்தின் படிக்கட்டு முடியும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பயன்படுத்துவது எப்போதும் அந்தத் தொலைவான பெட்டகத்தைத்தான். அருகில் இருப்பதற்குத் தனியாகக் கிளம்ப வேண்டும். தொலைவில் இருப்பதோ போகிற வழியில் இருக்கிறது. என்னைப் போலவே பலரும் நினைப்பார்கள் போலும். மாலையில் நிலையத்துப் பெட்டகத்தின் முன் நாலைந்து பேர் வரிசையில் நிற்பார்கள், அந்த நேரத்தில் எதிர்த்திசைப் பெட்டகத்தின் முன் பூனை ஒன்று படுத்திருக்கும்.

நகர் கட்டும் முன்பே இதைத் திட்டமிட்டிருந்தால் இவ்வளவு சிக்கல் இராது. 1996இல் ‘பொங்கோல் 21’ என்ற பெயரில் இந்த நகரின் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ரயில், அதைச் சுற்றி வீடுகள் என்ற எண்ணம்தான் அடிப்படை. ஆட்களை நகர்த்துவதற்கான அந்தக் கணக்கு இன்றுவரை பொய்க்கவில்லை. 2005இல் ஓடத் தொடங்கிய எல்ஆர்டி இல்லாமல் எங்கள் பேட்டையைக் கற்பனை செய்ய முடியாது. அன்றைக்கு ஆட்கள் கடைக்குப் போனார்கள். இன்று கடை ஆட்களைத் தேடி வருகிறது, அதுவும் ஒவ்வொரு பொருளும் தனித்தனி வேனில் வருகிறது. 2020இல் நோய்ப்பரவலுக்காக நாடே வீட்டுக்குள் இருந்த இரண்டு மாதங்களில் பழகிய பழக்கம், பலருக்குப் பிறகும் விட்டுப்போகவில்லை. புளோக் முன்னால் உள்ள இரண்டு கார் வளைவு மட்டும் அப்படியே இருக்கிறது. பெட்டகங்கள், ஏற்கெனவே கட்டி முடித்த கீழ்த்தளங்களில், மின்சாரம் இருந்து மழைச்சாரல் படாத மூலைகளாகப் பார்த்துப் பிறகு வைக்கப்பட்டவை. மூலையில் வைத்ததை மூலைக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. பெட்டகம், பேட்டைக்குள் வரும் வேன்களின் எண்ணிக்கையை அதிகம் குறைப்பதில்லை. ஒவ்வொரு வேனும் நிற்கும் நேரத்தைத்தான் குறைக்கிறது. மூன்று நிறுவனங்கள் ஒரே பெட்டகத்தைப் பயன்படுத்தினாலும், அதில் பொருளை வைக்க மூன்று வேன்கள்தான் வருகின்றன. முக்கால் மணி நேரம் பத்து நிமிடமாவது பெரிய லாபம்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மூன்று வேன்களின் சரக்கையும் பேட்டையின் எல்லையிலேயே இறக்கி, சேர்த்து, ஒரே வண்டியில் உள்ளே கொண்டுவரும் ஓர் இடம் இருந்தால் மட்டுமே உள்தெருக்களில் வேன்கள் உண்மையில் குறையும். பெட்டகத்துக்குச் சுவர் ஓரமாக நாலு மீட்டர் இருந்தால் போதும். அந்தச் சரக்கு மையத்துக்கு லாரி திரும்ப இடமும், இறக்குமேடையும், பிரித்து அடுக்கத் தளமும், வேலையாட்களும் வேண்டும். கட்டி முடித்த நகரில் அதைத் தேடுவது, சமைத்து முடித்த குழம்பில் உப்பைத் திரும்ப எடுப்பதைப் போன்றது.

அத்தகைய இடம் எப்படி இருக்கும் என்பதைப் பார்க்க நான் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பொங்கோலின் வடக்கில், தொழில் வட்டாரங்களை உருவாக்கும் அரசு அமைப்பான ஜேடிசி கழகம் ஏறத்தாழ 50 ஹெக்டரில் உருவாக்கியிருக்கும் பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தில், பல கட்டடங்களுக்குமான பொதுச் சரக்கு மையம் வரைபட நிலையிலேயே சேர்க்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் லாரிகள் அங்கே இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கிருந்து கட்டடங்களுக்குள் கொண்டுசேர்ப்பது தனி வேலை. குப்பையைக் குழாய்வழி உறிஞ்சி ஓரிடத்தில் சேர்க்கும் ஏற்பாடும், குளிரூட்டலைப் பொதுவாகச் செய்யும் ஏற்பாடும் அங்கே இருக்கின்றன. குப்பை வெளியே போகும் வழியை யோசித்தவர்கள் பொருள் உள்ளே வரும் வழியையும் சேர்த்து யோசித்தார்கள் என்று பாராட்டலாம். ஆனால் அது அலுவலகங்களும் பல்கலைக்கழகமும் இருக்கும் வட்டாரம். அதே பொங்கோலில், சாலைக்கு இந்தப் பக்கம் வீடுகளில் இருக்கும் எங்களுக்குக் கிடைத்தது பெட்டகம் மட்டுமே.

வீட்டு வாசலுக்கும் மையத்துக்கும் நடுவில் உள்ள கடைசித் துண்டை இயந்திரத்திடம் ஒப்படைக்கும் சோதனையும் இங்கே நடந்தது. 2021இல் ‘கமெல்லோ’ என்ற பெயரில் இரண்டு நடமாடும் இயந்திரங்கள் ஓராண்டுச் சோதனையாகப் பொங்கோலில் 700 குடும்பங்களுக்கு மளிகைப் பொருள்களைக் கொண்டுவந்தன. ஒவ்வொன்றிலும் 20 கிலோ வரை தாங்கும் அறைகள் இரண்டு இருந்தன. ஒரு நாளைக்கு நாலைந்து நடைதான். அதுவும் புளோக்கின் மின்தூக்கிக் கூடம்வரை வந்து நின்றுகொள்ளும், கைப்பேசியில் தகவல் வந்ததும் இறங்கிப்போய் எடுத்துக்கொள்ள வேண்டும். வேடிக்கையாகப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். எனக்கு அதில் பட்டது ஒன்றுதான்: அவ்வளவு செலவில் செய்த இயந்திரமும் கடைசியில் மக்களைக் கீழே வரவழைத்துத்தான் பொருளைக் கொடுத்தது. கீழே இறங்க மக்கள் தயார் என்றால், பெட்டகத்துக்கு இருக்கும் எதிர்ப்பு சோம்பலால் வருவதல்ல. தேர்வு செய்யும் பக்கத்தில் வீட்டு முகவரி தானாகவே குறிக்கப்பட்டிருப்பதும், வீட்டுக்கு வந்தாலும் பெட்டகத்துக்கு வந்தாலும் பெரும்பாலும் ஒரே கட்டணமாக இருப்பதும்தான் காரணமாக இருக்க வேண்டும். பெட்டகத்துக்கு ஒரு வெள்ளி (டாலர்) குறைத்துப் பாருங்கள், பூனை படுக்க இடம் இருக்காது.

சரக்கு மையத்துக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கும் பேட்டைக்குள்ளேயே பதில் இருப்பதாக நினைக்கிறேன். பாரிஸ் நகரின் பதினைந்தாவது வட்டாரத்தில் உள்ள போக்ரெனெலில், பயன்படாமல் கிடந்த வாகன நிறுத்துமிடத்தின் ஏறத்தாழ 3,000 சதுர மீட்டர் பரப்பைச் சரக்கு மையமாக மாற்றி, 2013 முதல் ஒரு விரைவஞ்சல் நிறுவனம் பயன்படுத்திவருகிறது. பொட்டலங்கள் மொத்தமாக அங்கே வந்து இறங்கி, சிறு வண்டிகளில் பக்கத்துத் தெருக்களுக்குப் போகின்றன. எங்கள் பேட்டைகளில் பலமாடி வாகன நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. வேலைநாள் பகலில் அவற்றில் கணிசமான இடம் காலியாகத்தான் கிடக்கிறது. அவற்றின் மொட்டைமாடிகளை வேறு வேலைக்குக் கொடுக்கலாம் என்ற துணிச்சல் நமக்கு ஏற்கெனவே வந்துவிட்டது: 2020இல் வீவக நிறுத்துமிடங்களின் மேல்தளங்களில் ஒன்பது இடங்கள் காய்கறி வளர்க்கக் குத்தகைக்கு விடப்பட்டன. மேல்தளத்தில் கீரை வளர்க்கலாம் என்றால், கீழ்த்தளத்தில் ஒரு மூலையைக் காலை பத்து முதல் மாலை நாலுவரை பொட்டலம் பிரிக்க விடலாம். உயரம் குறைவான அந்தத் தளத்துக்குள் பெரிய லாரி நுழையாது, சரிவுப்பாதையில் தள்ளுவண்டி ஏற்ற முடியாது, சத்தம் என்று முதல் மாடிக்காரர் புகார் சொல்வார் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். பழைய பேட்டைகளுக்கு அந்தச் சிரமம் உண்டு. புதிதாகக் கட்டும் நகருக்கு அந்தச் சாக்கு இல்லை.

அந்தப் புதிய நகர் இப்போது எழுந்துகொண்டிருக்கிறது. தீவின் மேற்கே, ஏறத்தாழ 700 ஹெக்டரில், 42,000 வீடுகளுக்குத் திட்டமிடப்பட்ட தெங்காவில், நகர மையத்தின் தரைமட்டத்தில் வாகனங்களே இருக்காது. சாலைகள் கீழே ஓடும், மேலே மக்கள் நடப்பார்கள், மிதிவண்டி ஓட்டுவார்கள். அங்கு வீடு வாங்கிய என் தம்பி குடும்பத்தைப் பார்க்கப் போகும்போதெல்லாம், அந்த மரங்களையும் நடைபாதையையும் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. தம்பியிடம் நான் கேட்கும் கேள்வி மட்டும் மாறுவதில்லை: “உங்க புளோக்கு வேன் எங்கடா நிக்குது?” மற்ற எல்லா இடங்களையும்போல அங்கும் புளோக்கின் முன்னால்தான் நிற்கிறது. மையத்தில் மறைத்த சாலை, வீட்டு வாசலில் மறையவில்லை.

பெட்டகங்களுக்கு மதிப்பெண் போடச் சொன்னால், பொருள் தொலையாமல் இருப்பதற்கும் நேர வசதிக்கும் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். இடத் தேர்வுக்கு மூன்று. எங்கள் புளோக் முன்னால் நிற்கும் வேன்களைக் குறைத்ததற்கு இரண்டு மட்டுமே. அதுகூட, வேலையைச் செய்ய வேண்டிய மையம் இல்லாமல் பெட்டகம் தனியாகப் போராடுகிறது என்ற இரக்கத்தில் கொடுப்பது. சக்கர நாற்காலியில் வருபவர்கள், மூட்டு வலி உள்ள முதியவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் வீட்டுக்கே வரவழைத்துக்கொள்வதில் தவறில்லை. வேன் ஊழியருக்கு அவர்களுக்காக மேலே ஏற நேரம் கிடைக்க வேண்டுமென்றால், நடக்க முடிந்தவர்கள் நாம்தான் கீழே எடுத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் பயன்படுத்துபவர்கள் அருகில் இருப்பதைத் தேடாமல், வேலை முடிந்து திரும்பும் வழியில் இருக்கும் பெட்டகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தள்ளுபடி விற்பனை நடக்கும் வாரங்களில் பெட்டகங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், அப்போது இரண்டாவது தேர்வு ஒன்றையும் மனத்தில் வைத்திருப்பது நல்லது.

எங்கள் வீட்டில் இப்போது புத்தகம், மருந்துக் கருவி, மகளின் பள்ளிச் சாமான் எல்லாம் நிலையத்துப் பெட்டகத்துக்குத்தான் வருகின்றன. பத்துக் கிலோ அரிசி மூட்டை மட்டும் இன்னும் வேனில் வந்து மின்தூக்கி ஏறுகிறது. அது நுழையும் அளவுக்குக் கதவு இருந்தும், எல்ஆர்டி படியிலிருந்து வீடுவரை அதைச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை.